சார்... ஒரு சின்ன விஷயம்!

'கோச்' என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு எஸ்-5, எஸ்-6 ஞாபகம் வரும். மீதிப் பாதிக்கு, ப்ளஸ் டூ பிள்ளையையும் ஒரு பெரிய தொகைக்கான செக்கையும் சேர்த்து ஒப்படைக்கும் கோச்சிங் சென்டர். ரயில் பெட்டிக்கும் வாத்தியாருக்கும் ஏன் ஒரே பெயர் என்று யாராவது யோசித்ததுண்டா?

ஹங்கேரி நாட்டில் 'கோச்' என்று ஒரு கிராமம் இருக்கிறது. 15-ம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகளுக்கு ஐரோப்பா முழுக்க ஏக கிராக்கி. நாம் மணப்பாறை என்றால் முறுக்கு என்று புரிந்துகொள்கிற மாதிரி, ஊர்ப் பெயரே வண்டிக்குப் பெயராகிவிட்டது. 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சைக்குச் சொல்லிக் கொடுக்கும் தனி வாத்தியாரைக் கிண்டலாக 'கோச்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்மை ஏற்றிக்கொண்டு போய் அக்கரையில் இறக்கிவிடுகிற ஆசாமி என்று அர்த்தம். அங்கிருந்து விளையாட்டு மைதானத்துக்குப் போனது. இப்போது ஆபீசுக்கு வந்துவிட்டது.

ஆபீசுக்கு வந்ததுதான் இந்த வார சமாசாரம்.

'டீம் கோச்சிங்' என்று இப்போது கம்பெனிக்குக் கம்பெனி பேசுகிறார்கள். நடைமுறையில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு சனிக்கிழமை காலை எல்லோரையும் வேனில் ஏற்றுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட். எல்லோருக்கும் ஒரே கலரில் டி-ஷர்ட் (எல்லோருக்கும் ஒரே சைஸ், அதுதான் தொல்லை). கழுத்தில் மைக் மாட்டிய ஒருவர் வந்து, 'குட் மார்னிங்' சொல்கிறார். நாம் திருப்பிச் சொன்னது பத்தவில்லையாம், மறுபடி சொல்லச் சொல்கிறார். அப்புறம் பலூன் ஊதுகிறோம். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்கிறோம். அக்கவுண்ட்ஸ் கோபால் சார் சாய, சேல்ஸ் பிரிவினர் தாங்கிப் பிடிக்கிறார்கள். கைதட்டல். மதியம் பிரியாணி. சாயந்திரம் கயிறு இழுக்கும் போட்டி, குரூப் போட்டோ.

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, அதே சேல்ஸ் பிரிவினர் அனுப்பிய பயணப்படி பில்லை, 'ரசீது ஒட்டவில்லை' என்று அதே கோபால் சார் திருப்பி அனுப்புகிறார். சனிக்கிழமை தாங்கிப் பிடித்த கை, திங்கட்கிழமை மேஜையில் குத்துகிறது.

பிரியாணியைக் குறை சொல்லவில்லை. குழுவாக வேலை செய்வது என்பது பிரியாணியைவிடக் கொஞ்சம் சிக்கலான பண்டம், அவ்வளவுதான்.

* * *

அந்தக் கயிறு இழுப்பதையே எடுத்துக்கொள்வோம். 1880-களில் பிரான்ஸில் மாக்ஸ் ரிங்கல்மான் என்று ஒரு விவசாய இன்ஜினீயர். ஆட்களை ஒரு கயிற்றை இழுக்கச் சொல்லி பலத்தை அளந்தார். முதலில் தனித்தனியாக. அப்புறம் இரண்டு பேர், மூன்று பேர், எட்டுப் பேர் என்று சேர்த்து. கூட்டம் சேரச் சேர மொத்த பலம் கூடியது. ஆனால் ஆளுக்கு ஆள் கணக்கு பார்த்தால் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான் இழுத்தார்கள்! 1913-ல் இதை வெளியிட்டார்.

'எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காததால் பலம் வீணாகியிருக்கும்' என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் உண்டு. 1974-ல் அமெரிக்காவில் சிலர் அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி வரிசையில் முதலில் நிற்க வைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஆராய்ச்சியாளர் வைத்த ஆட்கள். இழுக்கிற மாதிரி முக்கல், முனகல், பாவனை. இழுப்பது மட்டும் கிடையாது. கண் கட்டப்பட்டவர் என்ன செய்தார்? 'பின்னால் ஆள் இருக்கிறது' என்ற தைரியத்தில் தன் இழுப்பைக் குறைத்துக்கொண்டார்!

தேர்த் திருவிழாவில் வடத்தில் பட்டும் படாமல் ஒரு கை வைத்துக்கொண்டு புண்ணியம் சேர்க்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது.

சரி, இழுக்காதவனை இழுக்க வைப்பதுதான் கோச்சின் வேலையா? அது பாதிதான். இன்னொரு பாதி இதைவிடப் பெரிசு. அதைப் புரிந்துகொள்ள ஒரு விமானத்தில் ஏற வேண்டியிருக்கிறது.

* * *

1978 டிசம்பர் 28. யுனைடெட் ஏர்லைன்ஸ் 173. டென்வரிலிருந்து போர்ட்லாண்டுக்கு வரும் டி.சி-8 விமானம். உள்ளே 189 பேர். வானிலை சுத்தம். இறங்குவதற்காகச் சக்கரத்தைக் கீழே இறக்கும்போது 'தடால்' என்று ஒரு சத்தம். சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதற்கான விளக்கும் முழுசாக எரியவில்லை.

கேப்டன் அனுபவசாலி. 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அவசரப்படாமல், ஊருக்கு வெளியே வானத்தில் வட்டமடித்துக்கொண்டே பிரச்னையை ஆராய்ந்தார். பயணிகளைத் தயார் செய்யச் சொன்னார். எல்லாம் முறைப்படிதான். ஆனால், சுற்றியது சுமார் ஒரு மணி நேரம்.

எரிபொருள் முள் இறங்கிக்கொண்டிருந்தது. ஃப்ளைட் இன்ஜினீயருக்குத் தெரியும். துணை விமானிக்கும் தெரியும். சொல்லவும் சொன்னார்கள். 'இன்னும் பதினைந்து நிமிஷம் போனால் ரொம்பக் குறைந்துவிடும்' என்கிற அர்த்தத்தில் இன்ஜினீயர் சொன்னது ரெக்கார்டரில் பதிவாகியிருக்கிறது. ஆனால் 'உடனே இறங்கு, இல்லாவிட்டால் செத்தோம்' என்று யாரும் சொல்லவில்லை. கேப்டன் சக்கரத்திலேயே குறியாக இருந்தார். கடைசியில் ஒவ்வொரு இன்ஜினாக நின்றுபோய், விமான நிலையத்துக்குச் சில மைல் முன்னால் மரங்களுக்கு நடுவே விழுந்தது. ஆளில்லாத இரண்டு வீடுகள் நொறுங்கின. 10 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர், எரிபொருளைப் பற்றிச் சொன்ன அந்த இன்ஜினீயர்.

விசாரணையில் தெரிந்தது: சக்கரம் சரியாகத்தான் பூட்டியிருந்தது.

இதில் இயந்திரக் கோளாறு என்பது சின்ன விஷயம். திறமைக் குறைவு இல்லவே இல்லை. மூன்று பேருமே கெட்டிக்காரர்கள். 'எரிபொருள் தீருகிறது' என்ற தகவல் அந்த அறைக்குள்ளேயே இருந்தது. ஒரு சீட்டிலிருந்து பக்கத்து சீட்டுக்கு, மூன்றே மூன்று அடி தூரம், போய்ச் சேரவில்லை.

அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் இரண்டு பக்கமும் குட்டியது. கேப்டன் எரிபொருளைக் கவனிக்கவில்லை, மற்றவர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மற்றவர்கள் விபரீதத்தை முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை அல்லது புரிகிற மாதிரி அழுத்திச் சொல்லவில்லை. ஆகவே, கேப்டன்களுக்குக் கலந்து பேசி நிர்வகிக்கவும் மற்றவர்களுக்கு அடித்துச் சொல்லவும் பயிற்சி தர வேண்டும் என்று சிபாரிசு செய்தது.

அடித்துச் சொல்வதற்குப் பயிற்சி! நம் வீடுகளில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாமலிருக்கத்தானே பயிற்சி?

* * *

ஒரு நிமிஷம் விமானத்திலிருந்து இறங்கி நம் ஆபீஸ் தமிழைக் கவனியுங்கள். மேலதிகாரியிடம் கெட்ட செய்தி சொல்ல நாம் வைத்திருக்கும் பாஷை தனி. படிப்படியாக இருக்கும்.

முதல் படி: தொண்டையைச் செருமுவது.

இரண்டாவது: ''சார்... ஒரு சின்ன விஷயம்...'' (சின்ன விஷயமாக இருந்தால் இப்படி ஆரம்பிக்கவே மாட்டார்கள்.)

மூன்றாவது: ''இல்ல சார், நீங்க பார்த்திருப்பீங்க... இருந்தாலும்...''

நான்காவது: ''எதுக்கும் ஒரு தடவை செக் பண்ணிட்டா நல்லதோன்னு...''

ஐந்தாவது, காரிடாரில், சார் இல்லாதபோது: ''நான் அப்பவே சொன்னேன்யா, அந்த மனுஷன் எங்க கேட்டாரு?''

ஐந்தாவது படியில் நாமெல்லாம் டாக்டரேட். 'இந்தக் கொட்டேஷன் ஜி.எஸ்.டி. சேர்க்காமல் போயிருக்கிறது, இன்றைக்கே திருத்தாவிட்டால் 18 சதவீதம் நம் பாக்கெட்டிலிருந்து' என்று நேராக ஒரு வாக்கியம் சொல்வதற்குள் கொட்டேஷன் கஸ்டமரிடம் போய்ச் சேர்ந்து, ஆர்டரும் வந்துவிடும்.

ஆபீசில் யாரும் சாகிறதில்லைதான். கம்பெனிகள் சாகும். ஆஸ்பத்திரியாக இருந்தால், பாலம் கட்டும் இடமாக இருந்தால், பட்டாசு ஆலையாக இருந்தால், ஆட்களே சாவார்கள்.

* * *

மறுபடி விமானத்துக்கு வருவோம். 1979-ல் அமெரிக்காவின் நாசா இதற்காகவே ஒரு பட்டறை நடத்தியது. 1981-ல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதுப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தது. சுருக்கமாக 'சி.ஆர்.எம்.' என்பார்கள். விமானத்தில் இருக்கும் எல்லா வளங்களையும், முக்கியமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதனின் மூளையை, பயன்படுத்துவது எப்படி என்ற பயிற்சி.

ஆரம்பத்தில் அதுவும் கிட்டத்தட்ட நம் ரிசார்ட் கதைதான். கம்பெனி மேனேஜர்களுக்கு நடத்தும் வகுப்பைத் தூக்கி வந்து, 'உங்கள் குணம் எந்த டைப்?' என்று கட்டம் போட்டுக் காட்டினார்கள். விமானிகளில் சிலர், 'நாகரிகமாகப் பழகக் கற்றுத்தரும் பள்ளி' என்று நக்கலடித்தார்கள். வானத்தில் பறக்கிறவனிடம் போய் 'புன்னகை செய்' என்றால் வேறென்ன சொல்வான்?

நிலைமையை மாற்றியது, முழுக் குழுவையும் ஒன்றாக சிமுலேட்டரில் ஏற்றியதுதான். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, நிஜமான நேரக் கணக்கில், முழுப் பயணம். நடுவில் கோளாறுகள் முளைக்கும். பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்திருப்பார். குறுக்கிட மாட்டார், திருத்த மாட்டார். கேமரா ஓடும். முடிந்ததும் டேப்பைப் போட்டு எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள்.

கோச்சின் வேலை அங்கேதான் ஆரம்பம். 'நீ இங்கே தப்பு, நீ அங்கே தப்பு' என்று பட்டியல் வாசிப்பது வேலையில்லை. ''இந்த இடத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? அதை எப்போது சொன்னீர்கள்? கேப்டன், அதைக் கேட்டபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள்?'' என்று கேட்பதுதான். இதற்காக 1990-களில் நாசா ஆராய்ச்சியாளர்கள் பயிற்சியாளர்களுக்கு ஒரு கையேடே எழுதினார்கள். அதில் சொல்லும் உத்திகளில் ஒன்று, கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது. (வீட்டில் முயன்று பாருங்கள். ஐந்து விநாடி தாங்காது.)

இன்னொரு முக்கியமான ஏற்பாடு: பார்த்து முடித்ததும் டேப்பை அழித்துவிடுவார்கள். பிரமோஷன் நேரத்தில் யாரும் எடுத்துப் போட்டுக் காட்ட முடியாது. தப்பு வெளியே வரவேண்டுமென்றால், வந்த தப்பு ஆளைக் கடிக்கக் கூடாது.

இதற்குப் பலன் இருந்ததா?

1989 ஜூலை 19. அதே யுனைடெட். விமானம் 232, டி.சி-10, 296 பேர். டென்வரிலிருந்து சிகாகோ போகும் வழியில் வால் பக்க இன்ஜின் வெடித்து, மூன்று ஹைட்ராலிக் அமைப்பும் ஒரே அடியில் காலி. காரில் ஸ்டியரிங், பிரேக் இரண்டும் போன மாதிரி. அதுவும் 37,000 அடியில். இப்படி ஒரு நிலைமைக்குப் புத்தகத்தில் பக்கமே இல்லை. நடக்கவே நடக்காது என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

கேப்டன் அல் ஹேன்ஸ் என்ன செய்தார்? கேட்டார். துணை விமானியைக் கேட்டார், இன்ஜினீயரைக் கேட்டார், தரையில் இருந்தவர்களைக் கேட்டார். பயணியாக உட்கார்ந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச், டி.சி-10 பயிற்சி விமானி, உதவ வந்தபோது 'உன் சீட்டுக்குப் போ' என்று சொல்லவில்லை. உள்ளே அழைத்து, மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து விமானத்தைத் திருப்பும் வேலையைக் கொடுத்தார். நாலு பேரும் பேசிப் பேசி, 44 நிமிஷம் அந்த உலோக மலையை இழுத்துக்கொண்டு சூ சிட்டி விமான நிலையத்துக்கு வந்தார்கள். ஓடுபாதையில் மோதி உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். ஒருவர்கூடப் பிழைத்திருக்க நியாயமில்லாத விபத்து அது.

பிற்பாடு ஹேன்ஸ் ஊர் ஊராகப் பேசியபோது சொன்னது: 1980 வாக்கு வரைக்கும் கேப்டன் சொன்னதுதான் சட்டம் என்று இருந்தோம், அதனால் சில விமானங்களை இழந்தோம். அன்றைக்குக் காக்பிட்டில் எல்லோருடைய அனுபவமும் சேர்த்து 103 வருஷம் இருந்தது. ஆனால் அப்படி ஒரு விமானத்தை ஓட்டிய அனுபவம் ஒரு நிமிஷம்கூட யாருக்கும் கிடையாது. அப்புறம் எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

''எல்லாரும் பேசினா, யாருய்யா முடிவெடுக்கறது?'' என்று மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்கிறது. கேப்டன்தான் சார். ஹேன்ஸ் கடைசிவரை கேப்டனாகத்தான் இருந்தார். காதைக் கொடுத்ததால் நாற்காலி போய்விடவில்லை.

* * *

விமானிகளையும் ஆபீஸ் குழுக்களையும் வருஷக்கணக்காக ஆராய்ந்தவர் ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் ஹாக்மேன். 2005-ல் ரூத் வேஜ்மேன் என்பவருடன் சேர்ந்து டீம் கோச்சிங் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரத்தை ஒரு மேனேஜர் தெரிந்துகொண்டால் ரிசார்ட் செலவில் பாதி மிச்சம்.

முதல் விஷயம், நேரம். எந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் எடுபடாது. ஆரம்பத்தில் செய்ய வேண்டியது உற்சாகமூட்டுவது: யார் யார் இருக்கிறோம், எதற்காக இருக்கிறோம் என்று பேசுவது. வழிமுறையை மாற்றிப் பார்க்கச் சொல்ல சரியான நேரம், வேலையின் நடுப்பகுதி. 'இதிலிருந்து என்ன கற்றோம்?' என்பது வேலை முடிந்தபின். அவசரத்தில் ஓடிக்கொண்டிருப்பவனை நிறுத்திப் பாடம் நடத்தினால் ஓட்டமும் போகும், பாடமும் போகும்.

அதென்ன நடுப்பகுதி? கானி கெர்சிக் என்ற ஆராய்ச்சியாளர் எட்டுக் குழுக்களை முதலிலிருந்து கடைசிவரை கவனித்து 1988-ல் எழுதினார். சில நாள் அவகாசமுள்ள குழு, பல மாத அவகாசமுள்ள குழு, எல்லாம் கலந்து. எல்லாமே முதல் கூட்டத்தில் பிடித்த பாதையிலேயே போய்க்கொண்டிருந்தன. சரியாகப் பாதி நேரம் கழிந்ததும், 'ஐயையோ, பாதி போச்சே!' என்று விழித்துக்கொண்டு பாதையை மாற்றின. ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் அந்தச் சமயத்தில்தான் கேட்க வேண்டும். அக்டோபர் மாதத்தில் கேட்டால் காதில் விழும். மார்ச் 28-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு, அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் போய், 'நம் வேலைமுறையை மறுபரிசீலனை செய்தால் என்ன?' என்று கேட்டால் காலண்டர் பறந்து வரும்.

தொடக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கும் விமானத்திலிருந்தே ஒரு கணக்கு. அமெரிக்க விசாரணை வாரியத்தின் பதிவுகளை வைத்து ஹாக்மேன் எடுத்துக் காட்டியது: சம்பவங்களில் 73 சதவீதம், அந்தக் குழு சேர்ந்து பறந்த முதல் நாளிலேயே நடந்தவை. அதிலும் 44 சதவீதம் முதல் பயணத்திலேயே! நல்ல கேப்டன்கள் கிளம்புவதற்கு முன் சில நிமிஷம் பேசுவார்கள். 'என் கண்ணில் படாதது உங்கள் கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள்' என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கும். அந்த வரியைத் தலைவர்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது சீட்டுக்காரன் தானாக எடுத்துக்கொள்ள முடியாத உரிமை அது.

இரண்டாவது விஷயம், சண்டை. 'இவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை, அதனால் வேலை கெடுகிறது' என்கிறோம். பல சமயம் கதை தலைகீழ்: வேலை கெடுவதால்தான் ஒத்துப்போகவில்லை. உறவைச் சரிசெய்ய மட்டும் நடத்தும் கோச்சிங்கால் வேலை முன்னேறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்பது அவர்கள் கட்சி. கோபால் சாருக்கும் சேல்ஸுக்கும் நடுவில் இருப்பது மனஸ்தாபமே இல்லை. எந்த ரசீது வேண்டும் என்று யாரும் எழுதி வைக்காத ஒரு விதிமுறை. ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால் பலூன் தேவையில்லை.

மூன்றாவது விஷயம்தான் கோச்சுகளுக்குக் கசக்கும். ஒரு குழு நன்றாகச் செயல்படுவதில் ஏறக்குறைய 60 சதவீதம், அதை எப்படி அமைத்தோம் என்பதில் இருக்கிறது. 30 சதவீதம், எப்படித் தொடங்கினோம் என்பதில். நடுவே செய்யும் கோச்சிங்குக்கு மீதி 10-தான். ஹாக்மேனே சொன்ன தோராயக் கணக்கு இது. குழுவில் யார் உறுப்பினர் என்பதே தெளிவில்லை, ஆளுக்கு ஆள் தனி டார்கெட், ஒருவன் ஜெயித்தால் அடுத்தவனுக்கு இன்க்ரிமென்ட் போச்சு என்று வைத்துவிட்டு, 'சேர்ந்து உழையுங்கள்' என்று பேச ஆள் கூப்பிட்டால், அந்த ஆளுக்குக் கொடுத்த காசு தர்மக் கணக்கில்தான் எழுத வேண்டும். ஒழுங்காக அமைத்த குழுவுக்குத்தான் அந்தப் பத்து சதவீதம் நிஜமாகப் பிடிக்கும்.

* * *

கோச்சாக இருக்க என்ன தகுதி வேண்டும்? பில் கேம்பெல் என்று ஒருவர். 1974 முதல் 1979 வரை நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச். ஜெயித்தது 12, தோற்றது 41, சமம் 1. இந்த ரெக்கார்டோடு நம் தெரு டீமுக்கு வந்தால் மட்டையைக்கூடத் தூக்க விடமாட்டார்கள்! அப்புறம் பிசினஸ் பக்கம் போனார். ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், கூகுளின் எரிக் ஷ்மிட் எல்லோருக்கும் ஆலோசகர். கூகுளின் உயரதிகாரிகள் கூட்டத்தில் வாராவாரம் உட்கார்ந்து, என்ன பேசுகிறார்கள் என்பதைவிட யார் பேசவில்லை என்பதைக் கவனிப்பாராம். பிரச்னை வந்தால், முதலில் பிரச்னையைப் பார்க்காதே, அதைக் கையில் வைத்திருக்கும் குழுவைப் பார் என்பது அவர் வழி. 2016-ல் இறந்தார். 2019-ல் ஷ்மிட்டும் வேறு இருவரும் சேர்ந்து அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள்.

அதே கூகுள் 2012-ல், 'எந்த டீம் நன்றாக வேலை செய்கிறது?' என்று தன் 180 குழுக்களை அலசியது. யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட எப்படிப் பழகுகிறார்கள் என்பதே முக்கியமாகத் தெரிந்தது. அதிலும் முதலிடம், 'இங்கே வாயைத் திறந்தால் அவமானப்பட மாட்டோம்' என்ற நம்பிக்கைக்கு.

அந்த நம்பிக்கையைப் பற்றி நிறைய எழுதியவர் ஆமி எட்மண்ட்சன். மாணவியாக இருந்தபோது ஆஸ்பத்திரி வார்டுகளில், மருந்து கொடுப்பதில் நடக்கும் தப்புகளை ஆராயப் போனார். நல்ல குழுவில் தப்பு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கு பார்த்தால் நல்ல குழுக்களில் தப்பு அதிகம்! குழம்பிப்போய்க் கிளறியபோது விஷயம் புரிந்தது. நல்ல குழுக்கள் அதிகம் தப்பு செய்யவில்லை. செய்த தப்பை வெளியே சொன்னார்கள். மற்ற வார்டுகளில் தப்புகள் தலையணைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தன. இதை 1996-ல் எழுதினார்.

ஆகவே, 'என் செக்ஷனில் தப்பே நடக்காது சார்' என்று யாராவது மார்தட்டினால், மேனேஜர்கள் அன்றைக்கே கவலைப்பட ஆரம்பிக்கலாம்.

* * *

'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று நாம் ஒருவனைத் திட்டுகிறோம். தேர் ஓட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், முட்டுக்கட்டை இல்லாமல் தேர் நகர முடியாது. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வரலாம். இழுக்கத்தான் அவர்களால் முடியும். மூலையில் தேரைத் திருப்புவதும், சந்நிதியில் நிறுத்துவதும், சக்கரத்தடியில் சரியான நேரத்தில் கட்டையைச் செருகும் அந்தச் சில பேர்தான். ஆபத்தான வேலை. அவர்கள் கையைத் தூக்கினால் வடம் பிடிக்கிறவர்கள் நிற்க வேண்டும் என்பது முதலிலேயே பேசி வைத்த ஏற்பாடு. தேர் நகர ஆரம்பித்த பிறகு பேசிக்கொள்ள முடியாது.

உங்கள் ஆபீசிலும் அப்படி ஒருவர் இருப்பார். சேர்ந்து ஆறு மாதமான பெண்ணாக இருக்கலாம், ரிட்டயர் ஆகப் போகிற கிளார்க்காக இருக்கலாம். எரிபொருள் முள் அவர் கண்ணில்தான் முதலில் படும். தொண்டையைச் செருமுவார். ''சார்... ஒரு சின்ன விஷயம்...'' என்பார். நீங்கள் சாராக இருந்தால், செல்போனைக் கீழே வைத்துவிட்டு, ''உட்காருங்க, பெரிய விஷயமாவே சொல்லுங்க'' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார்கள். நாலாவது தடவை நம்புவார்கள்.

ரிசார்ட்டுக்குக் கூப்பிட்டாலும் தாராளமாகப் போய் வாருங்கள். பிரியாணி நன்றாகத்தான் இருக்கும். கோபால் சார் சாயும்போது மட்டும் பின்னால் நாலு பேராவது நில்லுங்கள். எல்லோரும் நிஜமாகவே பிடியுங்கள்.